நிமிடத்துக்கு எண்பத்து நான்கு சொற்கள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமாகவே இருக்கிறேன். தொண்டை மட்டும் சாக்பீஸ் தூசியில் கட்டிக்கொண்டு கிடக்கிறது. உன் கை எப்படி? குளிர் வந்தால் அந்த இரண்டு விரல் இல்லாத இடம் குடைகிறது என்று போன முறை எழுதியிருந்தாய். அண்ணியிடம் சொல்லி வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொள்.

போனில் பேசாதே, கடிதமாகவே எழுது, அப்போதுதான் வாசிப்பு விட்டுப்போகாது என்று நீ போட்ட உத்தரவுப்படி எழுதுகிறேன். எழுத்தையும் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

இந்த வருடம் எனக்கு வாய்த்த வகுப்பைக் கேள். ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் விளையாட்டுச் சாமான் அறையில் உட்காரவைத்து, "இவங்க உங்க பொறுப்பு டீச்சர்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். என் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். மார்ச் முடிவதற்குள் ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு அறுபது சொல் வாசித்தாக வேண்டும். கல்வி அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பாராம்.

அவர்களில் ஒரு பெண். பத்து வயது. அப்பா எப்போதோ விட்டுப் போய்விட்டார். அம்மா ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிறார். அவருக்கும் எழுத்து தெரியாது. இந்தப் பெண்ணுக்கு 'கெ'வும் 'கொ'வும் ஒன்று. கொம்பைக் கண்டாலே மிரளுகிறாள். பக்கத்துப் படத்தைப் பார்த்து எதையாவது ஊகித்துச் சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று 'கொக்கு' என்ற ஒரு சொல்லோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டினாள். கடைசியில், "டீச்சர், எனக்கு மண்டையில ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள். நான் ஜன்னலைச் சாத்தும் சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

முதலில் ஒலி. அது பிடிபட்டதும் வேகம். அர்த்தம் அதன் பின்னாலேயே வந்துவிடும். இதுதான் என் திட்டம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை

*

ஜனவரி 30

அன்புத் தங்கச்சி வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடி. அண்ணி ஒத்தடம் வைத்தாள், கூடவே திட்டும் வைத்தாள். இரண்டும் சேர்ந்து வலி குறைந்திருக்கிறது. உன் தொண்டைக்கு ஏதாவது செய். வாத்தியாருக்குத் தொண்டை போனால், காகித ஆலையில் எனக்குக் கை போன மாதிரிதான்.

உன் கடிதத்தை வாசித்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இதை எழுத இன்னொரு ஞாயிறு. காகிதம் செய்கிறவனுக்குக் காகிதத்தில் எழுத இவ்வளவு நேரம் ஆகிறது என்று இங்கே ஒரே சிரிப்பு.

அந்தப் பெண் உன் முகத்தைப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் பார்ப்பேன். உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது நீ ஒண்ணாம் கிளாஸ். உன்னை மடியில் வைத்துக்கொண்டு என் பாடத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பிப்பேன். வாத்தியார், "பரவாயில்லையே, தேறிட்டே" என்பார். புத்தகம் தலைகீழாக இருந்ததுகூட ஒருநாள் அவர் கண்ணில் படவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் வாசித்த பிறகு, என்ன புரிந்தது என்று கேட்கிறாயா? நீ கேட்பாய். படித்தவள். சும்மா கேட்டேன்.

அண்ணன்

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணா,

தொண்டையும் தேறிவிட்டது, மனசும் தேறிவிட்டது. நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

அந்தப் பெண் வாசித்துவிட்டாள்! ரவைத் தட்டில் விரலால் எழுதவைத்தேன். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தேன். ஐந்தாவது வாரம் ஏதோ அடைப்பு எடுத்துவிட்ட மாதிரி ஓட ஆரம்பித்தாள். நேற்று நிமிடத்துக்கு எண்பத்து நான்கு சொல்! தலைமையாசிரியர் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்து, காலை வணக்கக் கூட்டத்தில் மேடையேற்றி வாசிக்கவைத்தார். அவள் அம்மா வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஈரம் காயாத புடவையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். "என் பொண்ணு வாயிலயிருந்தா டீச்சர் இதெல்லாம் வருது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சோப்பு நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

ஜூனில் விடுதிப் பள்ளிக்குத் தேர்வு இருக்கிறது. சாப்பாடு, படுக்கை, புத்தகம் எல்லாம் அவர்களே. இந்த வேகத்தில் வாசித்தால் இடம் நிச்சயம்.

நீ கேட்டதற்கு: ஒருநாள் கேட்டேன். "இந்தக் கதையில என்ன நடந்துச்சு?" என்றதற்குச் சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன். இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து கதை பேச நேரம் எங்கே இருக்கிறது? புரிதல் தானாக வரும் அண்ணா. நீ உன் காலத்து வாத்தியாரை வைத்து என்னை அளக்காதே.

தங்கை

*

ஏப்ரல் 9

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறாயா? மார்ச்சில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணி தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறாள். நான் அளக்கிற மாதிரி கேட்டது தப்புதான். கோபம் இருந்தால் அதையே நாலு பக்கம் எழுது, வாசிக்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை.

உனக்கு வாசிக்க வராமல் போனதற்கு யாரைக் குறை சொல்வாய்? உண்மையைச் சொல். வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

*

ஏப்ரல் 23

அன்புத் தங்கச்சிக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை உன் கடிதத்தில்தான். எண்ணிப் பார்த்தால் ஆறேழு வரி தேறாது. மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, உன்னைத்தான் புரியவில்லை.

இதை எழுத ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், அதனால் எழுத்து இப்படி. என்ன நடந்தது? அந்தப் பெண்ணுக்கு ஏதாவதா? நீ எழுதாவிட்டால் சனிக்கிழமை கிளம்பி வந்துவிடுவேன். பஸ்ஸில் ஊர்ப் பலகை வாசிக்கத் தெரியும், பயப்படாதே.

அண்ணன்

*

மே 2

அன்புள்ள அண்ணா,

வராதே. எழுதுகிறேன். நீ வந்து முகத்துக்கு நேரே கேட்டால் எனக்கு வாய் வராது.

மார்ச் இருபதாம் தேதி அதிகாரி வந்தார். பதினொரு பேரில் ஒன்பது பேர் அறுபதைத் தாண்டினார்கள். பள்ளிக்குச் சான்றிதழ், எனக்கு ஒரு பேனா. அடுத்த வாரம் அந்த அம்மாவுக்கு இருமல் வந்திருக்கிறது. வீட்டில் மருந்தகத்தில் வாங்கிய இரண்டு பழுப்பு பாட்டில். ஒன்று இருமலுக்கு, ஒன்று முழங்கால் வலிக்குத் தேய்க்க. எது எது என்று மறந்துவிட்டது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டுவார். இப்போதுதான் வீட்டிலேயே வாசிக்கிறவள் இருக்கிறாளே.

அவள் எடுத்த பாட்டிலில், 'வெளிப்பூச்சுக்கு மட்டும். உட்கொள்ளலாகாது' என்று போட்டிருந்தது. கடகடவென்று வாசித்தாள். அம்மாவுக்கும் அந்தப் பாஷை பிடிபடவில்லை. "குடிக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்காடி?" என்று கேட்டிருக்கிறார். அவள் பாட்டிலைச் சுற்றிச் சுற்றித் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, 'குடி'ங்கற எழுத்தே இதுல இல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

பொய் இல்லை அண்ணா. அந்த எழுத்து அதில் இல்லை.

மதியம் இரண்டு கரண்டி. இருமல் நிற்கவில்லை என்று சாயங்காலம் இன்னும் இரண்டு. காதுக்குள் இரைச்சல் என்று சொல்லிக்கொண்டே விழுந்துவிட்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உயிர் தங்கிவிட்டது, சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறதாம். போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரைமணி நேரம் நிற்க முடியவில்லை. சலவைக்கூடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி, "நான் ஒரு எழுத்துகூட விடலை டீச்சர். கொம்பு, கால், புள்ளி எல்லாம் சரியா வாசிச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் வாசிக்கவில்லை. புத்தகத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

தலைமையாசிரியர், "பொண்ணு சரியாத்தானே வாசிச்சிருக்கா? நம்ம மேல என்ன தப்பு?" என்கிறார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாகூட. அதுதான் தாங்க முடியவில்லை. நீ ஜனவரியிலேயே கேட்டாய். அந்த நாலு கரண்டியையும் ஊற்றிக் கொடுத்தது நான்தான் அண்ணா. இனி எந்த முகத்தோடு ஒரு குழந்தை முன்னால் போய் உட்காருவேன்?

தங்கை

*

மே 12

அன்புத் தங்கச்சிக்கு,

சாப்பிடுகிறாயா? முதலில் அதற்குப் பதில் சொல். அண்ணி உன் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், யாரைக் குறை சொல்வேன் என்று. இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். உருளை இயந்திரம் தானாக ஓடி விரலைப் பிடித்துக்கொண்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேனே, அது பொய். இயந்திரத்துக்குப் பக்கத்தில் பலகை மாட்டியிருந்தார்கள். 'மின் இணைப்பு துண்டிக்கப்படவில்லை' என்று. அப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். வாசித்தேன். 'துண்டிக்கப்பட' வரைக்கும் வருவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. மீதியைப் பார்க்கவில்லை. கரண்ட் நிறுத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கையை விட்டேன். நான் தவித்துத் தவித்து வாசித்துக் கெட்டேன், அவள் ஓடி ஓடி வாசித்துக் கெட்டாள்.

மூன்று வருடம் அந்த வாத்தியாரைத் திட்டினேன். விரல் முளைக்கவில்லை. அவர் தெருவில் எதிரே வந்தால், எப்படிடா இருக்கே என்பார், போய்விடுவார். ஒரே ஒரு நாள் என்னை உட்காரவைத்து, உனக்கு என்னடா புரிஞ்சது என்று கேட்டிருந்தால் போதும் என்று இருக்கும். விரல் போன பிறகு கேட்டிருந்தால்கூடப் போதும்.

உன்மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நம்புவாயா? ஆனால் வேலையை விட்டால் அந்தப் பெண்ணிடம் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? போய் உட்கார். முகம் தானாக வரும்.

அண்ணன்

*

மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் முடியவில்லை. இத்தனை வருடம் அந்தப் பலகையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இருந்தாய்?

மறுநாளே போனேன். ஒற்றை அறை, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம். புத்தகம் கொண்டுபோகவில்லை. நாலு நாள் சும்மா உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள், "உன் மனசுல இருக்கறதைச் சொல்லு, நான் எழுதறேன்" என்றேன். "எங்கம்மாவுக்கு உப்பு போடக் கூடாது" என்றாள். அவள் சொன்ன மாதிரியே எழுதி அவள் முன்னால் வைத்தேன். அவள் வாசிக்கவில்லை. அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். மறுநாள் போனபோது அந்தத் தாள் அடுப்புக்கு மேல் ஒட்டியிருந்தது.

அங்கிருந்துதான் திரும்ப ஆரம்பித்தோம். கொஞ்சம் எழுத்து, அதே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்து நாக்குக்குப் பழக்குவது, நடுநடுவே பேச்சு. மூன்றையும் ஒன்றாகப் பிசைய வேண்டியவள், ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தியிருந்தேன் அண்ணா. கடைசியில் நின்றதன் முறை வரவே இல்லை. இப்போது ஒரே ஒரு சட்டம்தான்: புரியாத சொல் வந்தால் நின்றுவிட வேண்டும். அவள் நிற்கிறாள். ஐயோ, எத்தனை இடத்தில் நிற்கிறாள்! எண்பத்து நான்கு இப்போது முப்பதுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஜூன் பதினெட்டு விடுதிப் பள்ளித் தேர்வு. ஒரு நிமிடம், அறுபது சொல். கேள்வி எதுவும் கிடையாது. நேற்று அந்த அம்மா கட்டிலிலிருந்தே கும்பிட்டார். "டீச்சர், அவ பழையபடி வேகமாவே படிக்கட்டும். புரியறது அப்புறம் புரியட்டும். அந்த இடம் கிடைச்சா மூணு வேளை சோறாவது நிச்சயம். என்னை நம்பி அவளை எப்படி வெச்சிருக்கறது?" என்றார்.

என்ன சொல்வேன்? அவளை மறுபடி ஓடவைக்க எனக்கு ஒரு வாரம் போதும். ஓடாமல் விட்டால் சோறு போகும். என்னால் யோசிக்கவே முடியவில்லை. சொல் அண்ணா.

தங்கை

*

ஜூன் 7

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் வேலையில் கவனமே இல்லை. நானாக இருந்தால் வேகத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன், பசி தெரிந்தவன். அண்ணி கூடாது என்கிறாள். நீயும் அந்த அம்மாவும் இவ்வளவு யோசித்தீர்களே, அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

அண்ணன்

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்; இன்றுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

நீ சொன்ன மாதிரி அவளிடமே எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். நின்றால் இடம் கிடைக்காது, நிற்காமல் ஓடினால் கிடைக்கும் என்று. அவள், "ஓடிடறேன் டீச்சர். அம்மாவுக்கு நான் பாரமா இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடவைத்தேன் அண்ணா, என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி. அறுபத்தெட்டு வந்தது.

தேர்வு நடந்த அறையில் நானும் சுவரோரம் நிற்கலாம் என்றார்கள். ஒரு பக்கம் கொடுத்தார்கள். கடலில் போன ஒரு படகைப் பற்றிய கதை. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் படகில் போகிறார்கள், காற்று மாறுகிறது. 'படகு தத்தளித்தது' என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

தேர்வு நடத்திய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மேல படிம்மா, நேரம் ஓடுது."

"தத்தளித்ததுன்னா என்ன சார்?"

"அதெல்லாம் இப்ப கேக்கக் கூடாது. படி."

அவள் என் பக்கம் திரும்பினாள். மேலே போ என்று நான் கையைக்கூட அசைத்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அவள் தாளில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "மூழ்கிடுச்சா சார்? அதுல இருந்தவங்க செத்துட்டாங்களா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. நிமிடம் முடிந்தது. தாளை வாங்கிக்கொண்டார். இருபத்தாறு சொல்.

இடம் கிடைக்கவில்லை. பட்டியலை அன்று மாலையே ஒட்டிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் அந்த அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வாசலிலேயே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "எங்கடி நின்னே?" என்றார்.

அவள் சொன்னாள். தாள் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அந்த அப்பா யார், பெரியவன் ஏன் வர மாட்டேன் என்று அழுதான், சின்னவள் வலையைப் பிடித்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தாள், மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எல்லாவற்றையும் தன் பேச்சிலேயே சொன்னாள். ஜனவரியிலிருந்து இன்றுவரை நான் அவளிடம் கேட்டு வாங்க முடியாத பதில் அது. அந்த அம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்றார். "அப்புறம்?" என்று மறுபடியும் கேட்டார்.

"அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சும்மா."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கிடைக்காத இடத்தைப் பற்றிக் கேட்பார், இனி என்ன செய்வது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"டீச்சர், அந்தப் படகு கரை சேந்துச்சா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை அண்ணா. முடிவை நானும் படிக்கவில்லை. "தேடிக் கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காய்ச்சல் விட்டதும் முதல் வேலை அதுதான்.

தங்கை